மருந்துக்கடையா, கூரியர் பார்சலா?

எடை குறைக்கும் ஊசியை எங்கே வாங்கலாம் என்று பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். டாக்டர் சீட்டோடு மருந்துக்கடை; இல்லையென்றால் அதே மருந்து என்று சொல்லி ஆன்லைனில் விற்கும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) பொடி.

விலை: 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற எடை குறைக்கும் ஊசி இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. பொடி மலிவு, மறுக்கவில்லை.

அளவு: கடைக் குப்பியில் அளவு அச்சிட்டிருக்கும். பொடிக்கு நாமே தண்ணீர் கலந்து, இன்சுலின் சிரிஞ்சில் கோடு எண்ணிக் கணக்குப் போட வேண்டும். ஒரு தசமப் புள்ளி தவறினால் பத்து மடங்கு; அப்புறம் நாள் முழுக்க வாந்திதான். சித்தப்பா மகன் காட்டிய குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று சின்ன எழுத்தில் இருந்தது. "அண்ணே, அது சும்மா போட்டிருக்கானுவ" என்றான். சும்மாவா?

குளிர்ச்சி: ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். நல்ல கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐஸ் பையோடு தருவார்கள். பார்சல் சித்திரை வெயிலில் எந்தக் குடோனில் கிடந்ததோ.

உடல் பருமனோடு சர்க்கரையும் இருப்பவருக்குச் சீட்டு வழிதான். பணம் இடித்தால் அதை டாக்டரிடமே சொல்லிவிடலாம். கல்யாணத்துக்குள் நாலு கிலோ இறக்க நினைப்பவருக்கு இரண்டுமே வேண்டாம்.