ஹிஸ்ட்ரியானிக்கா, மெலோடிராமாட்டிக்கா? மெரியம்-வெப்ஸ்டர் காலேஜியட் அகராதி, ஒரு விமர்சனம்

அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திப் பிழைப்பு நடத்துகிறேன். அந்த வேலைக்கு மெரியம்-வெப்ஸ்டரின் காலேஜியட் அகராதி வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். அதில் எத்தனை சொல் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. சில சொற்களுக்குக் கீழே ஒரு குட்டிப் பத்தி போட்டிருப்பார்கள். ஒரே பொருள் போலத் தெரியும் நாலைந்து சொற்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் எங்கே விலகுகிறது என்று ஆளுக்கு ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் காசு கொடுத்தது அந்தப் பத்திகளுக்காக.

அதன் அருமை தெரிய ஒரே ஒரு உதாரணம் போதும். ஒரு நிறுவனத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று திருத்தத்துக்கு வந்தது. கூட்டத்தில் ஓர் ஊழியர் குரல் உயர்த்தி, ஃபைலை மேசையில் வீசி, "என் வாழ்க்கையே போச்சு" என்று கத்தியிருக்கிறார். மேலாளர் அதை 'ஹிஸ்ட்ரியானிக்' (நாடகத்தனமான) நடத்தை என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'அல்லது மெலோடிராமாட்டிக்? எது சரியோ போடுங்கள்' என்று குறிப்பும் வைத்திருந்தார். கணினியில் ரைட் கிளிக் செய்தால் வரும் ஒத்தசொல் பட்டியலுக்கு இரண்டும் ஒன்றுதான். அதை நம்பியிருந்தால் காசைச் சுண்டித்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

காலேஜியட்டில் ஹிஸ்ட்ரியானிக்கைப் புரட்டினால், வேண்டுமென்றே செய்யும் பாசாங்கு என்பது முதல் பொருள். நடிகர், நாடகம் தொடர்பானது என்பது இரண்டாவது. கடைசியில் 'டிராமாட்டிக்' பக்கம் போ என்று கை காட்டுகிறது. அங்கேதான் அந்தப் பத்தி. டிராமாட்டிக், தியேட்ரிக்கல், ஹிஸ்ட்ரியானிக், மெலோடிராமாட்டிக் நான்கும் அதில் நிற்கின்றன. ஹிஸ்ட்ரியானிக் என்பது குரல், கையசைவு, உடலசைவு பற்றியது, அதில் தெரிந்தே போடும் மேடைத்தனம் இருக்கும் என்கிறது. மெலோடிராமாட்டிக் என்பது உணர்ச்சி அளவு மீறுவது, இடத்துக்குப் பொருந்தாத நாடகத்தனம். அதாவது முன்னது ஆளின் பாவனை மேல் கண் வைக்கிறது, பின்னது பொங்கி வழியும் உணர்ச்சி மேல். ஒரு கதையின் முடிவை மெலோடிராமாட்டிக் என்று சொன்னால் யாருக்கும் உறுத்தாது. ஹிஸ்ட்ரியானிக் என்று சொல்லிப் பாருங்கள், இடிக்கும். கதைக்குக் கையும் குரலும் கிடையாதே.

இரண்டின் பிறப்பையும் அகராதி அடைப்புக்குறிக்குள் சுருக்கமாகக் கொடுத்துவிடுகிறது. லத்தீனில் 'ஹிஸ்ட்ரியோ' என்றால் நடிகர். 'மெலோடிராமா' பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் முன்பாதி பாட்டு என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல் 'மெலோஸ்'. வசனத்துக்கு நடுவே இசையை விட்டு உணர்ச்சியை ஏற்றும் நாடகவகை அது. லண்டனில் 1802-இல் கோவென்ட் கார்டன் அரங்கில் நாடக ஆசிரியர் தாமஸ் ஹோல்கிராஃப்ட் அந்த வகைப் பெயரைச் சொல்லி ஒரு நாடகத்தை மேடையேற்றினார். இந்தக் கதையெல்லாம் காலேஜியட்டில் கிடையாது, அதற்கு வேறு புத்தகம் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்றின் வேரில் நடிகன், மற்றதன் வேரில் இசை என்ற அளவு தெரிந்தாலே குழப்பம் பாதி போய்விடும். ஹிஸ்டீரியாவுக்கும் ஹிஸ்ட்ரியானிக்குக்கும் உறவு இருக்கும் என்று நினைப்பவர்களும் இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். ஹிஸ்டீரியாவின் வேர் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. எதிரே ஆள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்வது, அதில் உண்மை இல்லாதது போலத் தோன்றுவது என்ற உறைப்பு ஹிஸ்ட்ரியானிக்கில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதி அதை உடைத்துச் சொல்கிறது. காலேஜியட் 'தெரிந்தே' என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. மெலோடிராமாட்டிக் ஆசாமி தன் துயரத்தைத் தானே முழுசாக நம்பிக்கொண்டிருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பத்தியில் சேர்த்திருந்தால் இன்னொரு வரிதான் கூடியிருக்கும்.

கடிதத்தில் கடைசியில் நான் இரண்டையும் எடுத்துவிட்டேன். ஹிஸ்ட்ரியானிக் என்றால் அவர் நடிக்கிறார் என்று குற்றம் சாட்டுவதாகும். அது போதாதென்று 1980-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலிருந்து அது ஓர் ஆளுமைக் கோளாறின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் அதைப் போட்டுவிட்டு அப்புறம் வக்கீலைத் தேட முடியுமா? குரல் உயர்த்தினார், ஃபைலை வீசினார் என்று நடந்ததை மட்டும் எழுதினேன். மேலாளர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார்.

என்னிடம் இருப்பது 2003-இல் வந்த பதினோராம் பதிப்பு. 2025-இல் பன்னிரண்டாவது வந்துவிட்டது, அதை இன்னும் வாங்கவில்லை. புத்தகம் கனம், மடியில் வைத்துப் படிக்க முடியாது, மேசை வேண்டும். எழுத்தும் பொடி. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியோடு உட்காருங்கள். பழைய புத்தகக் கடையில் பதினோராம் பதிப்பு கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே தாராளம்.

காசு செலவழிக்க மனமில்லை என்றால் இணையதளம் இலவசம். விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒத்தசொல் பத்தியும் அந்தந்தச் சொல்லின் பக்கத்திலேயே வந்துவிடுவதால் புரட்டும் வேலை மிச்சம். ஆனால் கீழே வரும் இணைய எடுத்துக்காட்டுகள் தானியங்கியாகத் திரட்டப்பட்டவை. அவற்றைப் பார்த்து வாக்கியம் அமைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் காலேஜியட் வேண்டவே வேண்டாம், ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியைக் கொடுங்கள். வரையறையும் எளிது, எடுத்துக்காட்டும் அதிகம்.