'டு' போடுவதா, 'இங்' போடுவதா?

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வரும்போது, அதற்கு முன்னால் 'டு' சேர்ப்பதா, பின்னால் 'இங்' சேர்ப்பதா என்ற ஐயம் பல ஆண்டுகள் படித்தவர்களுக்கும் எழுகிறது. 'வான்ட்', 'டிசைட்', 'ஹோப்' ஆகியவை 'டு'வையும், 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' ஆகியவை 'இங்'கையும் கேட்கும். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டையும் ஏற்கும் வினைகளில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. 'ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் அவர் புகைப்பதை நிறுத்திவிட்டார். 'ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுப் புகைப்பதற்காக நின்றார். (மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியம்.) தமிழ் இதே வேலையை 'ஐ', 'கு' என்னும் வேற்றுமை உருபுகளால் செய்துவிடுவதால், வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

'ரிமெம்பர்' இன்னும் நுட்பமானது. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்பது கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்பதாகும். 'ஐ ரிமெம்பர்டு டு லாக் த டோர்' என்பதையோ 'பூட்ட நினைத்தேன்' என்று பலர் பெயர்க்கிறார்கள். 'மறக்காமல் பூட்டினேன்' என்பதே அதன் பொருள். 'டு' இனி நடப்பதையும் 'இங்' நடந்ததையும் குறிக்கும் என்ற விளக்கம் இங்கே பொருந்துகிறது. ஆனால் இனி நடக்கவேண்டியதைப் பேசும் 'சஜெஸ்ட்' கூட 'இங்'கையே ஏற்பதால், அதைப் பொது விதியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' என்பதில் இரண்டும் சேர்ந்தே வருவதற்குக் காரணம், அந்த 'டு' வினையைச் சேர்ந்தது அன்று, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) என்பதே. அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கலாம்: 'லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' நிற்கிறது, 'வான்ட் டு த ஹாலிடே' நிற்கவில்லை. 'ஐ யூஸ்டு டு டிரைவ்' (முன்பெல்லாம் ஓட்டுவேன்), 'ஐ ஆம் யூஸ்டு டு டிரைவிங்' (ஓட்டிப் பழகியவன்) ஆகியவற்றையும் இந்தச் சோதனையே பிரித்துக் காட்டும்.

வேற்றுமை உருபு கைகொடுப்பதைப் போல, நம் 'பற்றி' காலை வாருவதும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்டு அபௌட் இட்' என்று எழுதிவிடுகிறோம்; 'டிஸ்கஸ்டு இட்' என்பதே சரி. அதுவே பெயர்ச்சொல்லாக 'டிஸ்கஷன்' என்று மாறினால், 'அபௌட்' பிழையின்றி வந்து அமர்கிறது.