கிணற்றின் அகலமும் காந்தத்தின் வலிமையும்: பம்ப்செட் ரோட்டார்கள் மூன்று

1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் நம் நாட்டிலேயே செய்த முதல் மின்மோட்டாரை உருவாக்கிய காலத்திலிருந்து, கோவையின் பம்ப்செட் தொழில் பெரிதும் நம்பி வந்தது இண்டக்‌ஷன் மோட்டாரைத்தான். சிலிக்கான் எஃகு ஸ்டாம்பிங்குகளை (அச்சில் வெட்டிய மெல்லிய தகடுகளை) அடுக்கி, அவற்றின் காடிகளில் அலுமினியத்தை உருக்கி வார்த்தோ செம்புக் கம்பிகளைச் செருகியோ அதன் ரோட்டாரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதியை, செய்கிறார்கள். இன்று நியோடிமியம் காந்தம் பொருத்திய ரோட்டாரும், காந்தமே இல்லாத அல்லது மலிவான ஃபெரைட் காந்தம் மட்டும் சேர்த்த ரிலக்டன்ஸ் ரோட்டாரும் அதனுடன் போட்டிக்கு வந்துள்ளன. சூரிய மின்பம்பு வாங்கச் செல்லும் விவசாயியிடம் பேனல் எத்தனை, மானியம் எவ்வளவு என்பதையே கடைக்காரர் பேசுகிறார். ரோட்டாருக்குள் இருக்கும் பொருள் என்னவென்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஒப்பீடு.

இண்டக்‌ஷன் ரோட்டாரின் குறை அது இயங்கும் முறையிலேயே இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ரோட்டார் ஏறத்தாழ 2850 சுற்றே, அதாவது 5 விழுக்காடு பின்தங்கியே, சுற்றும். அந்தப் பின்தங்கல் இருந்தால்தான் ரோட்டாரில் மின்னோட்டம் தூண்டப்படும். ஆனால் ரோட்டாருக்கு வந்து சேரும் ஆற்றலில் அதே 5 விழுக்காடு அதன் கம்பிகளிலேயே வெப்பமாகிப் போய்விடும். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 60 விழுக்காடுதான் என்பதால் செம்புக்கு மாறினால் இழப்பு குறையும். ஆனால் செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அலுமினியத்துக்கு 660 டிகிரி போதும். அந்த வெப்பத்தில் வார்ப்பு அச்சுகள் விரைவில் வெடித்துப் பழுதாகின்றன. கட்டணமில்லா மின்சாரம் வரும் தோட்டத்தில் இந்த இழப்பு விவசாயியின் கைக்காசைத் தொடுவதில்லை. சூரியப் பேனலில் ஓட்டும்போது, வீணாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதலாகப் பேனல் வாங்க வேண்டியிருக்கிறது.

நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சாகவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்தனர். ஃபெரைட்டின் காந்தப்புலம் 0.4 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) அளவில் நிற்க, இதனுடையது 1.2 முதல் 1.4 டெஸ்லா வரை செல்கிறது. ரோட்டாரில் மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டிய தேவையே இல்லாததால் பின்தங்கலும் இல்லை, அந்த வெப்பமும் இல்லை. இதற்கு இரண்டு பகைகள் உண்டு. முதலாவது தண்ணீர்: இந்தக் காந்தம் எளிதில் அரித்து உதிரக்கூடியது, உள்ளே தண்ணீர் நிரப்பி ஓட்டும் போர் (ஆழ்துளைக் கிணற்று) மோட்டாரில் இதைத் துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் பிசிறில்லாமல் அடைத்தே ஆக வேண்டும். இரண்டாவது வெப்பம்: சாதாரண ரகம் 80 டிகிரி வரைதான் தாங்கும், அதற்கு மேல் தாங்க, நியோடிமியத்தைப் போலவே அரிய மண் தனிமங்களான டிஸ்புரோசியம் அல்லது டெர்பியம் சேர்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதி உரிமம் கட்டாயமாக்கிய ஏழு தனிமங்களில் இவ்விரண்டும் இருந்தன, நியோடிமியம் இல்லை. சுற்றிலும் தண்ணீர் குளிர்விக்கும் கிணற்று மோட்டார், மின்வண்டி மோட்டாரைப் போல இவற்றை அதிகம் சார்ந்திருக்கத் தேவையில்லை என்பது கொங்குத் தொழிலுக்குச் சாதகமான செய்தி. ஆனால் நம் போர்களில் தண்ணீர் வற்றி மோட்டார் உலர்ந்து ஓடுவது கோடையில் வாடிக்கை. அப்படி ஓடி எரிந்த இண்டக்‌ஷன் மோட்டாருக்குக் காயில் மாற்றிக் கட்டினால் வேலை முடிந்தது. இங்கே காயிலோடு காந்தமும் வலுவிழந்திருக்கும், அதை வைண்டிங் கடையில் மீட்க முடியாது.

ரிலக்டன்ஸ் மோட்டார் 1923-லேயே எழுத்தில் வந்த எண்ணம். ஸ்டாம்பிங்கில் வளைந்த வெற்றிடங்களை வெட்டி, காந்தப்புலம் ஒரு திசையில் எளிதாகவும் மற்றொரு திசையில் சிரமத்துடனும் செல்லும்படி செய்தால், ரோட்டார் தானாகவே புலத்தின் பின்னால் இழுபடும். இதைச் சீராக ஓட்ட, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் நல்ல கன்ட்ரோலர் தேவைப்பட்டதாலேயே இத்தனை ஆண்டுகள் ஒதுங்கி இருந்தது. இதன் திறன்காரணி (வாங்கும் மின்னோட்டத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) தாழ்ந்திருப்பதால் கன்ட்ரோலர் கூடுதல் மின்னோட்டம் தர வேண்டும். அந்த வெற்றிடங்களில் ஃபெரைட் துண்டுகளைச் செருகினால் இக்குறை பெருமளவு தீர்கிறது. இரும்பு ஆக்சைடில் ஸ்ட்ரான்சியம் கலந்த மண்பாண்டம் போன்ற பொருள் ஃபெரைட். ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் மேலும் துருப்பிடிப்பதில்லை, அரிய மண் தனிமம் எதுவும் கேட்பதில்லை. வெப்பம் ஏறும்போது, காந்த நீக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் நியோடிமியம் காந்தத்தில் குறைகிறது, ஃபெரைட்டில் கூடுகிறது. கடுங்குளிரில்தான் அதற்கு ஆபத்து. அந்தக் கவலை பல்லடத்துக்கோ காங்கேயத்துக்கோ இல்லை.

ஆயினும் ஃபெரைட்டுக்கு இடம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு புலத்தைக் கொண்டு அதே திருப்புவிசையைப் பெற ரோட்டார் பருமனாக வேண்டும், பருமனாக முடியாவிட்டால் நீள வேண்டும். ஆயிரம் அடிக்கு மேல் இறங்கும் ஒடுங்கிய போருக்குள் பருமன் என்ற பேச்சுக்கே இடமில்லை. நீளத்தைக் கூட்டினால் ஷாஃப்டும் பேரிங்கும் வதைபடும். ஆகவே சூரிய மின்சாரத்தில் ஓடும் குறுகிய, ஆழமான போருக்கு இன்றைய நிலையில் நியோடிமியம்தான் பொருந்தும் என்பது என் முடிவு. பாறையை வெட்டி இறக்கிய நம் அகலக் கிணறுகளிலோ மோட்டார் எவ்வளவு பருமனாக இருந்தாலும் இடைஞ்சல் இல்லை. அங்கே ஃபெரைட் சேர்த்த ரிலக்டன்ஸ் மோட்டாரையே நான் தேர்ந்தெடுப்பேன். ஸ்டாம்பிங் வெட்டுவதிலும் வார்ப்பதிலும் தேர்ந்த கோவைப் பட்டறைகள் முழுக் கவனத்தையும் செலுத்த வேண்டிய இடமும் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். கட்டணமில்லா மின்இணைப்பில் மட்டும் ஓடும் மோட்டாரை, அது நன்றாக இருக்கும் வரை, மாற்றத் தேவையில்லை.

நியோடிமியம் மோட்டார் வாங்குபவர் கடையில் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: காந்தத்தின் வெப்பத் தாங்குதிறன் எத்தனை டிகிரி, தண்ணீர் வற்றினால் கன்ட்ரோலர் தானே நிறுத்துமா, அந்தக் கன்ட்ரோலர் பழுதானால் சரிசெய்பவர் அருகில் எந்த ஊரில் இருக்கிறார்.