அரை யூனிட் கோடு போட்ட இன்சுலின் ஊசி: எங்கள் மணியனுக்கு வாங்கியது

கோபியில் 17 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். கால் இஞ்சு தப்பினால் கை ஏறாது என்று தெரிந்தவள். ஆனாலும் ஊசியில் போட்டிருக்கும் ஒரு கோட்டில் உயிர் நிற்கும் என்பது எங்கள் பூனைக்குச் சர்க்கரை வந்த பிறகுதான் தெரிந்தது.

மணியனுக்கு 10 வயசு, கடுவன். நன்றாகத் தின்றும் 6 கிலோவிலிருந்து நாலரைக்கு இளைத்துவிட்டான். வாசல் தொட்டியில் வாயெடுக்காமல் தண்ணீர் குடித்தான். அவன் மணல் தட்டைச் சுற்றி எறும்பு சாரை போட்டதை முதலில் கவனித்தது அத்தைதான். ஈரோட்டு டாக்டரம்மா ரத்தமும் மூத்திரமும் பார்த்தார். பூனை மிரண்டாலே சர்க்கரை ஏறிவிடுமாம். அதனால் கடந்த ஓரிரு வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் டெஸ்டும் எடுத்துத்தான் உறுதி சொன்னார். கிளார்ஜின் இன்சுலின், வேளைக்கு 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை.

மருந்துக் கடையில் இன்சுலினோடு கொடுத்த ஊசிக்குச் சிவப்பு மூடி. சாயங்காலம் 6 மணிக்கு ஒரு கோடு இழுத்துப் போட்டேன். ராத்திரி 10 மணிக்கு மணியன் பின்னங்கால் பின்ன நடந்து வந்து தையல் மெஷினடியில் சாய்ந்துவிட்டான். காதில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 46, ரொம்பக் குறைவு. ஈறில் தேனைத் தடவிக்கொண்டே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ஊசி மூடி என்ன கலருங்க?"

"செவப்புங்க."

"அது யு-40ங்க அக்கா, ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற மருந்துக்கு. நம்ம மருந்து யு-100, ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதுல ஒரு கோடுன்னா ரெண்டரை யூனிட் போயிருக்குங்க."

அன்றைக்கு விடிய விடிய அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் குத்திக் குத்திப் பார்த்தேன். சாமி புண்ணியம், பிழைத்தான்.

அதற்கப்புறம் தேடி வாங்கியதுதான் இந்த ஊசி. உறையில் யு-100, 0.3 மி.லி., அரை யூனிட் கோடு என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூடி ஆரஞ்சு நிறம். யு-100-லேயே 1 மி.லி. ஊசி வாங்கினால் பெரும்பாலும் இரண்டு யூனிட்டுக்கு ஒரு கோடுதான் இருக்கும். பூனைக்கு வேண்டிய ஒரு யூனிட்டை இடைவெளியில் குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டும். 0.3-ல் குழாய் ஒல்லி, அதனால் கோடுகள் தள்ளித் தள்ளி விழுகின்றன. ஊசிமுனை 31 கேஜ். தலைமுடி மாதிரி இருக்கிறது, மணியன் தீனித் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை.

அரை யூனிட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் நோட்டைக் காட்டுவேன். ஒரு வாரம் 1 யூனிட் போட்டபின் ஒரு நாள் முழுக்க 2 மணி நேரத்துக்கொரு முறை காதில் குத்தி எழுதினோம். காலை 6 மணிக்கு 342, 8 மணிக்கு 301, 10 மணிக்கு 248, 12 மணிக்கு 205, 2 மணிக்கு 214, 4 மணிக்கு 270, 6 மணிக்கு 325. அடிமட்டமே 205 என்பதால் டாக்டரம்மா ஒன்றரையாக ஏற்றினார். அடுத்த வாரம் அடிமட்டம் 118. உலர்தீனியை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த டின் உணவுக்கு மாற்றியதும் அது 74-க்கு இறங்கியது. மறுபடி ஒன்றுக்கே வந்தோம். முழுசு முழுசாகத்தான் ஏற்றி இறக்க முடியும் என்றால் 205-லிருந்து நேரே 2 யூனிட்டுக்குத் தாவியிருக்க வேண்டும். அதை நினைத்தாலே அந்த ராத்திரி ஞாபகம் வருகிறது. காலையில் ஒரு தடவை மட்டும் பார்த்து 342 என்று பயந்து மருந்தைக் கூட்டாதீர்கள். நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் அளவு. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மனுஷருக்கான சர்க்கரை பார்க்கும் மெஷின் பூனைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்றார் அவர். அதனால் எப்போதும் ஒரே மெஷினில்தான் பார்க்கிறோம்.

குறை என்றால், கோடுகள் பொடிசு. தையல் மெஷின் விளக்கடியில் பிடித்துத்தான் இழுக்கிறேன். காற்றுக் குமிழி ஒன்று நின்றாலும் அரை யூனிட்டில் பாதியை அது தின்றுவிடும், சுண்டி மேலே ஏற்றித் தள்ளிவிட வேண்டும். போட்டபின் முடி ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் இன்னொரு தடவை போடக் கூடாது, எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. அடுத்த வேளை வரை பொறுக்க வேண்டும்.

ஒரு ஊசி ஒரு வேளைக்குத்தான். மழுங்கிய ஊசி துணியையே இழுக்கும், தோலை விடுமா? போட்டு முடித்ததைக் கெட்டி டப்பாவில் சேர்த்து டாக்டரிடமே கொடுத்துவிடுகிறேன், குப்பை அள்ளுகிற அம்மா கையில் குத்திவிடக் கூடாது.

கோபியில் நான் கேட்ட நாலு கடையிலும் இல்லை. ஆன்லைனில்தான் வரவழைக்கிறேன், வந்து சேர 5 நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு இரண்டு போகும் கணக்கு. பெட்டியில் 20 இருக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவிடுங்கள்.