ஜிஆர்பிசி-கர்லும் காணாமல் போகும் பூஜ்ஜியமும்

ராணிப்பேட்டை சிப்காட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நண்பர், முனையத்திலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை), ஜிஆர்பிசி முறையில் இயங்கும் தொலைச் சேவைகளை அழைக்க, ஜிஆர்பிசி-கர்ல் என்ற கட்டளைக் கருவியை நம்பலாமா என்று கேட்டார். ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதும் எங்கள் வேலூர் அலுவலகத்தில் அது சில ஆண்டுகளாகவே அன்றாடக் கருவி; எனவே நிறுவும் முறையை விட்டுவிட்டு, பழகிய பின் தெரிவதை மட்டும் எழுதுகிறேன்.

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது, பதிலில் பூஜ்ஜியம் காணாமல் போவதுதான். சேவை அனுப்பும் புரோட்டோ3 செய்தி (புரோட்டோபஃப் தரவு வடிவத்தின் ஒரு பதிப்பு) ஜேசான் என்ற உரை வடிவத்துக்கு மாறும்போது இயல்பு மதிப்புள்ள (எண்ணுக்கு அது 0) புலங்கள் விடுபடுவதால், கிடங்கில் தீர்ந்துபோன சரக்குக்கு ‘இருப்பு: 0’ என்று வருவதில்லை, இருப்பு என்ற புலமே வருவதில்லை. போதாக்குறைக்கு, இன்ட்64 எனப்படும் 64-பிட் முழு எண்கள் மேற்கோள் குறிகளுக்குள் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, வருகின்றன. பத்துக்குக் குறைவான இருப்பைக் காட்டு என்று ஜேசானை வடிகட்டும் ஜேக்யூ கருவியிடம் கேட்டால், அதன் வரிசையில் ‘நல்’ (மதிப்பே இல்லாத புலம்) எண்ணுக்குக் கீழே, சரம் எண்ணுக்கு மேலே என்பதால், ஒன்றுமே இல்லாத சரக்கு பட்டியலில் ஏறிவிடும். "5" என்று வந்தது ஏறாது. பிழைச் செய்தி கிடையாது. பார்வைக்குப் பட்டியல் சரியாகவே இருக்கும். “லைனிங் தோல் அஞ்சுதான் கிடக்குது, உங்க லிஸ்ட்ல ஏன் சார் இல்ல?” என்று கிடங்கு மேற்பார்வையாளர் கேட்கும்போது, புரோட்டோபஃப் விதிகளை அவருக்கு எப்படி விளக்குவது?

நியாயமாகப் பார்த்தால் இது கருவியின் குற்றமன்று. ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் 2-இன் 53ஆம் அடுக்கைத் தாண்டினால் துல்லியம் இழக்கும் என்பதால்தான் ஜேசான் வடிவ விதியே அவற்றைச் சரமாக்குகிறது. ஜிஆர்பிசி-கர்லில் ‘-எமிட்-டிஃபால்ட்ஸ்’ சேர்த்தால் பூஜ்ஜியம் திரும்பும், ஜேக்யூவில் ‘டுநம்பர்’ சேர்த்தால் சரம் எண்ணாகும். ஆனால் இவ்விரண்டையும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் யாராவது நினைவாக எழுத வேண்டும்.

மற்றபடி குறை சொல்ல முடியாது. சேவையகத்தில் தன் சேவைகளைத் தானே விவரிக்கும் வசதியான ரிஃப்ளெக்‌ஷன் இயங்கினால், சேவையை வரையறுக்கும் புரோட்டோ கோப்பு கையில் இல்லாமலே ‘டிஸ்கிரைப்’ கட்டளை வழியாக ஒவ்வொரு முறையின் வடிவத்தையும் பார்த்துவிடலாம். அதைவிட நான் மெச்சுவது, வேலை முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று கட்டளை தரும் எண்ணான வெளியேற்றக் குறியீட்டை. வலை முகவரிகளை அழைக்கும் சாதாரண கர்ல், ‘-எஃப்’ கொடுக்காவிட்டால், 500 என்ற சேவையகப் பிழை வந்தாலும், வெற்றியைக் குறிக்கும் 0 என்று வெளியேறும். இதுவோ, அழைப்பு தோற்றால், ஜிஆர்பிசி நிலை எண்ணோடு 64-ஐக் கூட்டித் தருகிறது. சேவை கிடைக்காவிட்டால் 78, கெடு கடந்துவிட்டால் 68. பின்னது வந்தால் அந்தப் பக்கம் வேலை முடிந்திருக்கவும் கூடும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் அதே தோல் இருப்பிலிருந்து இருமுறை கழியும். அந்த வேறுபாட்டை கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே, மதிப்புக்கேற்பக் கிளை பிரிக்கும் ஒரு ‘கேஸ்’ வரியில் பிரித்தறிய முடிவது சாதாரண வசதியன்று.

இத்தனைக்கும் பிறகு நண்பருக்கு நான் சொன்ன பதில், “வேண்டாம், பைத்தானில் எழுதிக்கொள்ளுங்கள்” என்பதே. மேற்பார்வையாளரின் அழைப்பு வந்த நாள் அது. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் ஜிஆர்பிசி-கர்லை நீக்கச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன்.