கிரேக்கமும் லத்தீனும் கற்க எங்கே சேரலாம்? நான்கு இளங்கலைப் படிப்புகள்

பள்ளியில் கிரேக்கமோ லத்தீனோ படிக்காத ஒருவர், பண்டைய கிரேக்க, ரோமானிய மொழிகளையும் பண்பாட்டையும் ஆராயும் செவ்வியல் துறையில் இளங்கலைப் பட்டம் பெற எண்ணினால், தரவரிசைப் பட்டியலைவிட அவருக்கு உதவக்கூடியது வேறொரு விவரம். எழுத்து வரிசையிலிருந்து தொடங்கும் மாணவரை எந்தக் கல்லூரி, எவ்வளவு காலத்தில், எவ்வளவு கட்டாயத்துடன் மூலநூலைப் படிக்கவைக்கிறது என்பதே அது. பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், அமெரிக்காவின் பிரின்ஸ்டன், செயின்ட் ஜான்ஸ் ஆகிய நான்கும் இதில் ஒன்றோடொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

ஆக்ஸ்போர்டில் இப்படிப்புக்கு ‘லிட்டரே ஹியூமேனியோரிஸ்’ என்னும் பழைய பெயரே இன்றும் நிலைத்திருக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பான இதில், ஐந்தாம் பருவத்தில் ‘மாட்ஸ்’ என்னும் தேர்வும் இறுதியில் ‘கிரேட்ஸ்’ என்னும் தேர்வும் பல தலைமுறைகளாக நடந்துவந்துள்ளன. முதற்பாதியில் கிரேக்கக் கவி ஹோமரும் லத்தீன் கவி வெர்ஜிலும் மாணவரை விடுவதில்லை. பிற்பாதியில் பண்டைய வரலாறும் தத்துவமும் மேலோங்குகின்றன. பிளேட்டோவுடன் நில்லாமல் நவீனத் தத்துவத்திலும் தாள்கள் எடுக்க முடிவது இப்படிப்பின் தனிச்சிறப்பு. இரு மொழிகளும் அறியாதவர்கள் ஒன்றைத் தேர்ந்து அடிப்படையிலிருந்து கற்கத் தனி வழி இருக்கிறது. இந்தப் படிப்பின் பழைய செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. இந்திய சிவில் சர்வீஸுக்கான போட்டித் தேர்வுக்கு மெக்காலே தலைமையிலான குழு 1854இல் வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண்கள். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375. இந்தியாவை ஆளப்போகிறவர் எதைப் படித்திருக்க வேண்டும் என்று அன்று கருதினார்கள் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தொடக்கநிலை மாணவரை மனத்தில் வைத்துப் பார்த்தால், கேம்பிரிட்ஜின் ஏற்பாடே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. பள்ளியில் லத்தீன் படித்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள், படிக்காதவர்களுக்கு நான்கு ஆண்டுகள் என்று பிரித்து, கூடுதலான அந்த முதலாண்டை லத்தீனுக்கென்றே பெரிதும் ஒதுக்கியிருக்கிறார்கள். கிரேக்கம் அதற்கடுத்த ஆண்டில் தொடங்குகிறது. மொழி கற்கக் காலம் தேவை என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் காலத்தைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே தருவது பெரிய சலுகை. ஓராண்டுச் செலவு கூடுகிறது என்பது மட்டுமே இதன் மறுபக்கம். பாடப் பரப்பும் அகலமானது. இலக்கியம், தத்துவம், வரலாறு ஆகியவற்றோடு கலை–தொல்லியலும் மொழியியலும் தனித்தனிப் பிரிவுகளாகவே உள்ளன. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், கிரேக்கத்தின் மிகப் பழைய வடிவத்தைப் பதிவுசெய்த லீனியர் பி எழுத்தைப் படித்தறிந்தபோது அவருடன் சேர்ந்து உழைத்த ஜான் சாட்விக் கேம்பிரிட்ஜில் கற்பித்தவர்; மொழியியலுக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு அந்த மரபின் தொடர்ச்சி. பண்டைய சிற்பங்களின் சுண்ணச் சாந்துப் பிரதிகள் கொண்ட அருங்காட்சியகம் துறைக் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால், தொல்லியலை நாடுகிறவர்கள் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

பிரின்ஸ்டனின் நிலை வேறு. 2021இல் அத்துறை, முதன்மைப் பாடமாகச் செவ்வியலை எடுப்பவர்கள் கிரேக்கமோ லத்தீனோ கற்றாக வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியபோது பெரும் வாதம் எழுந்தது. வசதியான பள்ளிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே துறையின் கதவு திறந்திருக்கக் கூடாது என்ற காரணத்தில் நியாயம் இருக்கிறது. மொழி வகுப்புகள் நிறுத்தப்படவில்லை, கட்டாயம்தான் போனது. ஆனால் இருபது வயதில் ஒருவர் தானாக விரும்பிக் கிரேக்க வினைத்திரிபுகளை மனப்பாடம் செய்வார் என்று நம்புவதற்கு எனக்குத் துணிவு போதவில்லை. அமெரிக்க முறையில் முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் முடிவை ஒட்டியே அறிவிக்கிறார்கள் என்பதால், அதற்குப் பிறகு மொழியைத் தொடங்குகிறவருக்கு எஞ்சுவது இரண்டே ஆண்டுகள்; அதற்குள் கட்டாய ஆய்வேட்டையும் எழுதியாக வேண்டும். ஆகவே பிரின்ஸ்டனில் சேர்பவர் முதல் பருவத்திலேயே ஒரு மொழி வகுப்பில் அமர்ந்துவிட வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, நம் ஊரிலிருந்து செல்லும் மாணவருக்கு நான்கிலும் சாதகமானது இதுவே: வெளிநாட்டு மாணவரின் சேர்க்கையை முடிவுசெய்கையில் குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை, உதவித்தொகையும் கடனாக அன்றி நன்கொடையாகவே தரப்படுகிறது. பிரிட்டனின் இரு பல்கலைக்கழகங்களிலும் வெளிநாட்டவர் செலுத்தும் கட்டணம் உள்நாட்டவருடையதைக் காட்டிலும் பல மடங்கு.

அனாபொலிஸிலும் சான்டா ஃபேயிலும் வளாகங்கள் கொண்ட செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் செவ்வியல் துறையே கிடையாது. 1937 முதல் அங்கே எல்லா மாணவருக்கும் ஒரே பாடத்திட்டம்தான். அதன்படி அனைவரும் முதல் இரண்டு ஆண்டுகள் கிரேக்கம் கற்கிறார்கள், யூக்ளிடின் வடிவியலைப் படித்து அதன் தேற்றங்களைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டுகிறார்கள். பிரின்ஸ்டனின் செவ்வியல் மாணவருக்கு இல்லாத கட்டாயம் இங்கே இயற்பியலை விரும்பி வந்தவருக்கும் இருக்கிறது என்பது வேடிக்கையான முரண். எனினும் பின்னிரண்டு ஆண்டுகளில் கிரேக்கத்தின் இடத்துக்குப் பிரெஞ்சு வந்துவிடுகிறது. லத்தீன் கட்டாயப் பாடமாக இல்லை. கல்வெட்டு, நாணயம், அகழாய்வு போன்றவற்றுக்கும் இடமில்லை.

எனவே ஆராய்ச்சியை நாடும் தொடக்கநிலை மாணவருக்குக் கேம்பிரிட்ஜின் நான்காண்டுப் படிப்பையும், தத்துவத்தில் மனம் செல்பவருக்கு ஆக்ஸ்போர்டையும் பரிந்துரைப்பேன். செலவு தடையாக இருந்தால் பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்து, துறை கைவிட்ட நிபந்தனையைத் தாமே தமக்கு விதித்துக்கொள்ளலாம். முனைவர் பட்டத்துக்கான சேர்க்கையில் அமெரிக்கத் துறைகள் பொதுவாக இரு மொழிகளிலும் நல்ல பயிற்சியை எதிர்பார்க்கின்றன. பின்னர் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஆய்வுகளைப் படிக்கும் திறனும் தேவைப்படும். இளங்கலையில் மொழிப் பயிற்சி குறைந்துபோனவர்கள் அதை ஈடுசெய்வதற்கென்றே பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பட்டத்துக்குப் பிந்தைய தனிப் படிப்புகள் நடக்கின்றன. அவற்றுக்குத் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும்.