கொழுக்கட்டைப் புல்லைப் பிரித்தறிய 10 மடங்கு மடக்கு லென்ஸ்: வாங்கலாமா?

கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் விதைக்காகக் கதிர் உருவுபவர்களுக்குச் சட்டைப்பையில் இருக்க வேண்டிய கருவி இது. கொழுக்கட்டைப் புல்லையும் (சென்க்ரஸ் சிலியாரிஸ்) அதன் நெருங்கிய உறவான சென்க்ரஸ் செட்டிஜெரஸையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கியிருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது.

வாங்கும்போது சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை நம்பவே கூடாது. "30 மடங்கு, 21 மி.மீ." (மி.மீ. என்பது கண்ணாடியின் விட்டம்) என்று விற்கும் மலிவு லென்ஸ்களில் பல உண்மையில் 10 மடங்கைத் தாண்டுவதில்லை. சோதிப்பது எளிது: தூரத்து ஜன்னலின் பிம்பத்தைத் தாளில் விழவைத்து, அது தெளியும் இடத்தில் லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 25 மி.மீ. வந்தால் 10 மடங்கு. 30 மடங்கு என்றால் ஏறத்தாழ 8 மி.மீ. வர வேண்டும். புல்லுக்கு 10 மடங்கே போதும். 20 மடங்கில் கதிரை ஒரு சென்டிமீட்டர் சொச்சத்துக்குள் கொண்டுவர வேண்டும். காற்றடிக்கும் காட்டில் அது நடக்காத காரியம். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையில் ஓரம் வரை நிறம் பிரியாமல் தெரியும். கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, புல்லைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். படிக்கும் பூதக்கண்ணாடி போலத் தள்ளிப் பிடிப்பவர்களுக்கு ஒரு பொட்டு அளவுதான் தெரியும். பிறகு லென்ஸைக் குறை சொல்வார்கள்.

பார்க்க வேண்டியவை இவை. முதிர்ந்த கதிரை இரு விரலுக்கிடையில் உருவினால் கொழுக்கட்டையில் சுணைமயிரும் சிறுகதிர்களும் ஒரே கொத்தாகக் கழன்று, தண்டு மொட்டையாக நிற்கும். தினை இனத்தைச் சேர்ந்த செட்டேரியா வகைப் புற்களில் மணி உதிர்ந்த பின்னும் மயிர் தண்டிலேயே இருக்கும். கழன்ற கொத்தின் அடியைக் கருப்புத் துணியில் வைத்துப் பாருங்கள். உள்வரிசை மயிர்கள் அடியில் மட்டும் இணைந்து, ஓரங்களில் மெல்லிய ரோமத்தோடு நெளிந்திருந்தால் சிலியாரிஸ். தட்டையாக, விறைப்பாக, கீழ்ப்பகுதி ஒட்டிக் கிண்ணம் போலிருந்தால் செட்டிஜெரஸ். முள் கீழ்நோக்கிக் கொக்கியிட்டுத் துணியைக் கவ்வினால் சென்க்ரஸ் பைஃப்ளோரஸ்; அது ஓராண்டுப் புல், மேய்ச்சலுக்கு நம்பி விதைத்தால் மறு ஆண்டு தூர் இருக்காது.

லென்ஸால் ஆகாததும் உண்டு. ஆடு மேய்ந்து கதிர் இல்லாத தூரில் இலையும் தண்டைச் சுற்றிய அதன் உறையும் சேரும் இடத்து மயிர் விளிம்பு மட்டுமே தெரியும். பல புற்களுக்கு அது பொது. அப்போது தூரின் அடியைத் தோண்டிப் பார்ப்பதே வழி. கெட்டியான முடிச்சும் பழைய உறைகளின் எச்சமும் பல்லாண்டுப் புல் என்று சொல்லும், இன்னது என்று சொல்லாது.

விளக்கு பொருத்திய மாதிரி வேண்டாம். நேர் வெளிச்சத்தில் ரோமம் வெளுத்து மறைந்துவிடுகிறது. கொத்தைச் சூரியனுக்கு எதிர்த்திசை வானத்தை நோக்கிப் பிடித்தால் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே நிற்கும். மடக்குத் திருகாணி சீக்கிரம் தளரும், மாதம் ஒருமுறை முடுக்குங்கள். மண்தூசியை ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வேட்டி நுனியால் அப்படியே தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.